தொலைந்த பணம் யார் கணக்கில்?

கணக்கு வைத்திருப்பவர் எடுக்காத பணம் அவர் கணக்கிலிருந்து போய்விட்டால் நட்டம் யாருடையது? வங்கித் தொழில் தோன்றிய காலத்திலிருந்தே இந்தக் கேள்வி இருக்கிறது. காசோலைக் காலத்தில் ஒரு விடை சொன்னார்கள். அட்டைக் காலத்தில் வேறொன்று சொன்னார்கள். கைப்பேசிக் காலத்தில் நாட்டுக்கு ஒரு விடை. இந்தியாவில் இன்று வாடிக்கையாளர் சுட்டிக்காட்டக்கூடிய விடையின் அடித்தளம் ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை. அது எழுதப்பட்டபோது யுபிஐ செயலிகள் பொதுமக்கள் கைக்கு வந்து ஓராண்டுகூட நிறையவில்லை. 2025 ஆகஸ்டில் அந்த யுபிஐ வழியாக ஒரே மாதத்தில் 2,000 கோடிக்கும் மேற்பட்ட பரிவர்த்தனைகள் நடந்தன.

இந்த விடைகளையெல்லாம் உரசிப் பார்க்க கள்ளக்குறிச்சி பொருத்தமான இடம். 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. சமவெளியில் கரும்பு, நெல், மரவள்ளி. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள். சின்னசேலம் பக்கம் ஜவ்வரிசித் தொழில். கச்சிராயபாளையத்தைத் தாண்டி கோமுகி அணையை ஒட்டி மேலே ஏறினால் கல்வராயன் மலை. 1976 வரை ஜாகீர்தார்கள் கையில் இருந்த இந்த மலையில் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடியினர் வாழ்கிறார்கள். கீழே கடைவீதியில் ஒலிப்பெட்டி 'ஐந்நூறு ரூபாய் பெறப்பட்டது' என்று அறிவிக்கிறது. மேலே வெள்ளிமலையிலும் இன்னாட்டிலும் சேராப்பட்டிலும் பலருக்கு வங்கி என்பது கட்டைவிரலை வைத்துப் பணம் எடுக்கும் ஒரு சிறு கருவி. இரு சாராருக்கும் பொருந்தும் விதி ஒன்றுதான். அது யாரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்பதே இந்தக் கட்டுரை ஆராய விரும்பும் விஷயம்.

இரண்டு பவுண்டும் நூற்றிருபது பவுண்டும்

வாடிக்கையாளர் கவனமாக இருக்க வேண்டும் என்ற வாதத்தின் மூலத்தைத் தேடினால் 1918-இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை தீர்த்த ஒரு வழக்கில் போய் நிற்கலாம். மாக்மில்லன் அண்ட் ஆர்தர் என்ற நிறுவனத்தின் நம்பிக்கைக்குரிய எழுத்தர், சில்லறைச் செலவுக்கென்று ஒரு காசோலையைக் கூட்டாளியிடம் நீட்டினார். எண்ணில் 2 பவுண்டு என்று இருந்தது. எழுத்தில் தொகை எழுதும் இடம் காலி. கூட்டாளி கையெழுத்துப் போட்டார். எழுத்தர் இரண்டுக்கு முன்னால் ஒன்றும் பின்னால் சுழியமும் சேர்த்து, எழுத்திலும் நூற்றிருபது என்று நிரப்பிப் பணத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார். காசோலையை மோசடிக்கு இடம் தராதபடி எழுதுவது வாடிக்கையாளரின் கடமை, ஆகவே நட்டமும் அவருடையதே என்று தீர்ப்பு வந்தது.

இந்திய உச்ச நீதிமன்றம் 1987-இல் வேறு திசையில் நடந்தது. கனரா சேல்ஸ் கார்ப்பரேஷன் என்ற நிறுவனத்தின் கணக்காளர், நிர்வாக இயக்குநரின் கையெழுத்தைப் போலியாக இட்டு 42 காசோலைகளில் மூன்று லட்ச ரூபாய்க்கு மேல் எடுத்திருந்தார். நிறுவனம் அதைப் பல ஆண்டுகள் கவனிக்கவில்லை. 'பாஸ்புக்கைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்குமே' என்றது கனரா வங்கி. பாஸ்புக்கைச் சரிபார்க்கும் கடமை வாடிக்கையாளருக்கு ஒப்பந்தப்படி இல்லாதபோது அவர் சும்மா இருந்தார் என்பதை வைத்து வங்கி தப்ப முடியாது, போலிக் கையெழுத்துக்குப் பணம் கொடுத்தால் அது வங்கியின் சொந்தப் பணம் என்றது நீதிமன்றம்.

இரண்டு தீர்ப்புகளும் முரண்படுவதாகத் தோன்றினாலும் அடியில் ஒரே அளவுகோல் இருக்கிறது. முதல் வழக்கில் கையெழுத்து உண்மையானது, இரண்டாவதில் பொய். உண்மையான கையெழுத்து என்றால் வாடிக்கையாளர் பக்கம் பார். பொய்க் கையெழுத்து என்றால் வங்கி பக்கம் பார். ஓடிபி, யுபிஐ பின், கைரேகை ஆகிய மூன்றும் இந்தக் கையெழுத்தின் இடத்துக்கு வந்தவை. சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. பொய்க் கையெழுத்தைக் கண்ணால் ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கலாம். ஆறு இலக்க எண்ணை யார் தட்டினாலும் அது ஒரே எண்தான்.

அமெரிக்கா 1978-இலேயே மின்னணுப் பணமாற்றச் சட்டம் கொண்டுவந்து வேறொரு உத்தியைப் புகுத்தியது: தவறு யாருடையது என்று தோண்டாமல், எத்தனை நாளில் புகார் செய்தார் என்று பார்ப்பது. அட்டை தொலைந்ததை அறிந்து இரண்டு வேலை நாளுக்குள் சொன்னால் வாடிக்கையாளர் பொறுப்பு 50 டாலர், தாமதித்தால் 500 டாலர் வரை, கணக்கு அறிக்கை வந்து 60 நாளுக்கு மேல் பேசாமல் இருந்தால் அதன்பின் போவதற்கு வரம்பே இல்லை. இந்திய விதியில் இதன் சாயல் நன்றாகத் தெரியும்.

'ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள்'

இந்தியாவில் அதிகம் ஒலிக்கும் நிலைப்பாடு, கணக்கைக் காப்பது கணக்கு வைத்திருப்பவரின் கையில் என்பது. இதற்குத் தொழில்நுட்பப் பின்னணி உண்டு. அட்டையை நேரில் காட்டாமல் நடக்கும் இணையப் பரிவர்த்தனைக்கு இரண்டாவது சரிபார்ப்பு வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2009-இலேயே கட்டாயமாக்கியது. பல நாடுகளுக்கு முன்பே எடுத்த முடிவு அது. அட்டை எண்ணை மட்டும் திருடிப் பணம் எடுப்பதை அது பெருமளவு கடினமாக்கியது. அதற்குப் பிறகு மோசடிக்காரருக்கு ஒரே வழிதான் மிஞ்சியது: இயந்திரத்தை விட்டுவிட்டு மனிதரைப் பிடிப்பது. ஆகவே மனிதரை எச்சரிப்போம் என்பது இயல்பான அடுத்த படி.

எச்சரிக்கை வீண் என்று சொல்ல முடியாது. 2023 செப்டம்பர் 15 அன்று கலைஞர் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது 1 கோடியே 6 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களின் கணக்குக்கு மாதம் ஆயிரம் ரூபாய் போகத் தொடங்கியது. 'ஆயிரம் ரூபா ஏறிடுச்சா? ஒரு நம்பர் வரும், சொல்லுங்கம்மா' என்று அழைப்புகளும் கூடவே கிளம்பின. அரசு எந்த ஓடிபியும் கேட்காது என்ற அறிவிப்பு அப்போது அவசியமாக இருந்தது. பலரைக் காப்பாற்றியும் இருக்கும்.

ஆனால் இந்த நிலைப்பாடு மூன்று இடங்களில் தடுமாறுகிறது. முதலாவது, அது எழுத்தறிவும் தனிக் கைப்பேசியும் உள்ளவரைக் கற்பனை செய்கிறது. வீட்டுக்கு ஒரு கைப்பேசி, வங்கியில் கொடுத்த எண் திருப்பூரிலோ கோவையிலோ வேலை பார்க்கும் மகனுடையது, மெசேஜ் வருவது ஆங்கிலத்தில் என்றால் எச்சரிக்கை யாரைச் சேரும்? இரண்டாவது, மோசடியின் உருவம் எச்சரிக்கையைவிட வேகமாக மாறுகிறது. பிஎம் கிசான் பெயரிலோ போக்குவரத்து அபராதத்தின் பெயரிலோ வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பைத் தொட்டு நிறுவினால், அது கைப்பேசிக்கு வரும் குறுஞ்செய்தியைத் தானே படித்து வெளியே அனுப்பிவிடும். அந்த விவசாயி ஓடிபியை யாரிடமும் சொல்லவில்லை. அறிவுரையை எழுத்துக்கு எழுத்து கடைப்பிடித்தும் பணம் போயிருக்கும். மூன்றாவது, படிப்பு இதற்குத் தடுப்பூசி ஆகவில்லை. 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டிப் பறிக்கும் மோசடியில் ஓய்வுபெற்ற அதிகாரிகளும் மருத்துவர்களும் சிக்கினார்கள். 2024 அக்டோபரில் பிரதமர் வானொலி உரையில் அதைப் பற்றி எச்சரித்தார். 2025 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த வழக்குகளின் விசாரணையை சிபிஐக்கு அளிக்கும் அளவுக்கு நிலைமை போனது.

விழிப்புணர்வுக்கும் வடிவமைப்புக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்ட யுபிஐயிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. பணம் தருவதாகச் சொல்லிவிட்டு, பணம் கேட்கும் கோரிக்கையை அனுப்பி, 'பின் போடுங்க, பணம் ஏறிடும்' என்று ஏமாற்றுவது நெடுநாள் உத்தி. பணம் வாங்க பின் தேவையில்லை என்று வங்கிகளும் யுபிஐயை நடத்தும் தேசியக் கொடுப்பனவுக் கழகமும் ஆண்டுக்கணக்கில் விளம்பரம் செய்தன. கடைசியில் 2025 அக்டோபர் 1 முதல் தனிநபருக்குத் தனிநபர் பணம் கேட்கும் அந்த வசதியையே கழகம் எடுத்துவிட்டது. எந்தச் சொற்பொழிவும் இல்லாமல் அந்த வழி அடைபட்டது. இதை முதலிலேயே செய்திருக்கலாமே என்று கேட்பவர்களுக்குத் திருப்தியான பதில் இல்லை.

2017 சுற்றறிக்கையின் கணக்கு

எதிர்ப்பக்க நிலைப்பாடு, அமைப்பைக் கட்டியவர் வங்கி, ஆகவே ஓட்டைக்கும் வங்கியே பொறுப்பு என்பது. 2017 சுற்றறிக்கை இதற்குப் பாதி தூரம் வருகிறது. வங்கியின் தவறோ அலட்சியமோ இருந்தால் வாடிக்கையாளர் புகார் செய்தாலும் செய்யாவிட்டாலும் அவருக்குப் பொறுப்பு சுழியம். தவறு வங்கியிடமும் இல்லை, வாடிக்கையாளரிடமும் இல்லை, அமைப்பில் வேறெங்கோ இருக்கிறது என்றால், செய்தி கிடைத்த மூன்று வேலை நாளுக்குள் புகார் செய்தால் அப்போதும் சுழியம். நான்கு முதல் ஏழு வேலை நாள் என்றால் வரம்புக்குட்பட்ட பொறுப்பு: அடிப்படைச் சேமிப்புக் கணக்குக்கு, அதாவது ஜீரோ பேலன்ஸ் கணக்குக்கு, 5,000 ரூபாய் வரை, மற்றச் சேமிப்புக் கணக்குகளுக்கு 10,000 வரை, பெரிய நடப்புக் கணக்கு போன்றவற்றுக்கு 25,000 வரை. அதற்கும் மேல் தாமதித்தால் அந்தந்த வங்கியின் கொள்கை. புகார் வந்த பத்து வேலை நாளுக்குள் தொகையைத் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும். 90 நாளுக்குள் தீர்க்க வேண்டும். வாடிக்கையாளர் பொறுப்பு என்று நிரூபிக்கும் சுமை வங்கியுடையது. அதே ஆண்டு டிசம்பரில் கூட்டுறவு வங்கிகளுக்கும் இதே விதி நீட்டிக்கப்பட்டது. கரும்புப் பணமும் பயிர்க்கடனும் கூட்டுறவு வழியே புழங்கும் மாவட்டத்துக்கு இது முக்கியம்.

காகிதத்தில் தாராளமான விதி. ஆனால் அந்தத் தொகை வரம்புகளை உண்மையான இழப்புகளின் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நிதி அமைச்சகம் நாடாளுமன்றத்தில் தந்த விவரப்படி 2023-24-இல் யுபிஐ மோசடிகள் 13.42 லட்சம், தொகை 1,087 கோடி ரூபாய். வகுத்தால் ஒன்றுக்குச் சராசரி 8,100 ரூபாய் அளவில் வருகிறது. சாதாரணச் சேமிப்புக் கணக்குக்கு நான்காம் நாள் முதல் ஏழாம் நாள் வரையான வரம்போ 10,000. சராசரி இழப்பு அந்த வரம்புக்குள்ளேயே அடங்கிவிடுவதால், நான்காம் நாள் புகார் தருபவர் பெரும்பாலும் முழு நட்டத்தையும் தானே சுமப்பார். 'வரம்புக்குட்பட்ட பொறுப்பு' என்ற பெயர் பெருந்தொகை இழந்தவருக்கே பொருள் உள்ளது. சராசரி என்பது பெரும்பான்மையைச் சரியாகக் காட்டாமல் போகலாம்; சில பெரிய இழப்புகள் அதை மேலே இழுத்திருந்தால் சிறிய இழப்புக்காரர் நிலை இன்னும் மோசம்.

நாள் கணக்கிலும் ஒரு முடிச்சு. கடிகாரம் ஓடத் தொடங்குவது வங்கியின் செய்தி வாடிக்கையாளருக்குக் கிடைத்த பிறகு. சிக்னல் எட்டாத ஊரில் குறுஞ்செய்தி எப்போது 'கிடைத்தது' ஆகும்? வங்கி அனுப்பிய நேரமா, அவர் சந்தைக்கு இறங்கியபோது கைப்பேசி துடித்த நேரமா, பேரன் படித்துச் சொன்ன நேரமா? கேரள உயர் நீதிமன்றம் 2019-இல் ஸ்டேட் வங்கி வழக்கில் இதற்கு ஓரளவு வெளிச்சம் காட்டியது: எல்லோரும் குறுஞ்செய்தியைப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்கள் அல்லர், செய்திக்கு எதிர்வினை ஆற்றவில்லை என்பதை வைத்து வங்கி பொறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், அசாமைச் சேர்ந்த ஒரு வாடிக்கையாளர் இழந்த 94,204 ரூபாயைத் திருப்பித் தரும்படி கவுகாத்தி உயர் நீதிமன்றம் சொன்னதில் தலையிட மறுத்தது. அவர் வாங்கிய பொருளைத் திருப்பித் தர முயன்றபோது வாடிக்கையாளர் சேவை என்று பேசியவர் ஒரு செயலியை நிறுவச் சொல்லியிருந்தார். உடனே புகார் செய்தவர், ஓடிபியைப் பகிரவில்லை என்று உறுதியாகச் சொன்னவர். வங்கியிடம் இன்றுள்ள தொழில்நுட்பத்தை வைத்து இப்படிப்பட்ட பரிவர்த்தனைகளைக் கண்காணித்திருக்க வேண்டும் என்பதே அந்த உத்தரவின் சாரம்.

இந்தத் தீர்ப்புகள் வாடிக்கையாளருக்குச் சாதகம்தான். ஆனால் 94,204 ரூபாய்க்காக மாவட்டத்திலிருந்து உயர் நீதிமன்றம், அங்கிருந்து டெல்லி என்று போராட முடிந்தவர் வென்றார். நூறு நாள் வேலைக் கூலி போனவர் அந்தப் பாதையில் முதல் படியைக்கூட ஏறமாட்டார். ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் திட்டம் கட்டணமின்றி இருக்கிறது, 14448 என்ற எண்ணில் தமிழில் கேட்கவும் வழியுண்டு. இருந்தாலும் முதலில் வங்கியில் எழுத்தில் புகார் கொடுத்து, 30 நாள் பொறுத்து, அதன் பிறகே அங்கே போக முடியும்.

கட்டைவிரலின் சாட்சியம்

மலையில் பேச்சு யுபிஐயைவிட ஆதார் வழிப் பணமெடுப்பைப் பற்றியது. ஆதார் எண், வங்கியின் பெயர், ஒரு விரல். அட்டை வேண்டாம், பின் வேண்டாம், கைப்பேசியும் வேண்டாம். வங்கிக் கிளைக்கு மலையிறங்க ஒரு நாள் கூலியை இழக்க வேண்டியவருக்கு, ஊரிலேயே வங்கியின் முகவரான வங்கி மித்ராவிடம் விரல் வைத்துப் பணம் பெறுவது உண்மையிலேயே பெரிய வசதி. நூறு நாள் வேலைக் கூலிக்கு 2024 ஜனவரி 1 முதல் ஆதார் வழிப் பட்டுவாடா கட்டாயமானபின், கணக்கும் ஆதாரும் இன்னும் இறுகப் பிணைந்துவிட்டன.

மோசடி நடக்கும் விதத்தைக் கிட்டத்தில் பார்க்கலாம். மரவள்ளிக் கிழங்கு பிடுங்கியும் விறகு வெட்டியும் தேய்ந்த விரல். முதல் தடவை வைத்தால் கருவி ஏற்கவில்லை. இது அன்றாடம் நடப்பது. 'ரேகை விழல பாட்டி, கையத் தொடச்சிட்டு மறுபடி வை.' துடைத்து மீண்டும் வைக்கிறார். 'சர்வர் பிசி' என்று மூன்றாம் முறை. இவற்றில் எத்தனை முறை உண்மையில் தோற்றது, எத்தனை முறை பணம் கழிந்தது என்பது திரையைப் பார்ப்பவருக்கு மட்டுமே தெரியும். இரண்டு முறை கழிந்து ஒரு முறை மட்டும் கையில் வந்தால் பாட்டிக்குத் தெரியாது. இருப்பு பார்க்கிறேன் என்று சொல்லி எடுப்பதும் உண்டு. அச்சிட்ட ரசீது தர வேண்டும். 'பேப்பர் தீர்ந்துடுச்சு' என்றால் அதோடு சரி. நேர்மையான வங்கி மித்ராக்களே அதிகம் என்று கொள்ளலாம். ஆயினும் நேர்மையானவரிடமும் இதே காட்சிதான், விரல் இரண்டு மூன்று முறை வைக்கப்படும். தோல்வி இயல்பாகிப்போன இடத்தில் சந்தேகத்துக்கு அடையாளமே மறைந்துவிடுகிறது.

இன்னொரு வகையில் பாட்டி அங்கே இருக்கவே வேண்டாம். 2023-இல் கர்நாடகத்தில் பதிவுத்துறை ஆவணங்களில் இருந்த கைரேகைகளை நகலெடுத்துப் போலி ரேகை செய்து பணம் எடுத்த கும்பல் பிடிபட்டது. ஆதார் ஆணையம் அந்த ஆண்டுத் தொடக்கத்தில் கைரேகை உயிருள்ள விரலுடையதா என்று சோதிக்கும் முறையைக் கொண்டுவந்தது. ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் இந்தச் சேவை நடத்துபவர்களின் அடையாளத்தை வங்கிகள் முறையாகச் சரிபார்க்கவும், மூன்று மாதம் செயல்படாதவரை மீண்டும் சோதிக்கவும், அவர்களது பரிவர்த்தனைகளைத் தொடர்ந்து கண்காணிக்கவும் உத்தரவிட்டது. 2026 ஜனவரி 1 முதல் அது நடைமுறை.

ஆதார் கைரேகையைப் பூட்டி வைக்கலாம் என்ற அறிவுரை நகரத்துக்குச் சரி. ரேகையால் மட்டுமே பணம் எடுப்பவருக்கு அது தன் வீட்டைப் பூட்டிச் சாவியை அடுத்தவரிடம் கொடுப்பது. ஒவ்வொரு முறையும் திறக்கச் செயலியோ இணையத்தளமோ வேண்டும், அதற்குப் பதிவு செய்த கைப்பேசி எண் வேண்டும். அந்த எண் செயலிழந்து 90 நாள் போனால் வேறொருவருக்கே விற்கப்பட்டிருக்கலாம்.

2017 விதியின்படி பார்த்தால் போலி ரேகையும் இரட்டைக் கழிவும் 'அனுமதியற்ற பரிவர்த்தனை' என்பதில் ஐயமில்லை. நிரூபிக்கும் சுமை வங்கியுடையதும்கூட. ஆனால் கையெழுத்துக் காலத்துத் தர்க்கம் இங்கே திரும்பி வருகிறது: ரேகை பொருந்தியது என்று பதிவேடு சொன்னால், உண்மையான கையெழுத்தைப் போல அது வாடிக்கையாளருக்கு எதிரான சாட்சியாகிவிடுகிறது. சில நிமிடங்களுக்குள் ஒரே கருவியில், ஒரே விரலில், ஒரே தொகை இரண்டு முறை போனதா என்பதை வங்கியின் கணினிதான் பார்க்க முடியும். பார்க்கக்கூடியவர் மீதே கவனக் கடமை இருக்க வேண்டும் என்று இந்தக் கட்டுரை கருதுவதற்கு முதன்மைக் காரணம் இந்த ரேகைப் பரிவர்த்தனைதான். மலைவாழ் வாடிக்கையாளரிடம் அந்தப் பதிவேடு இல்லை, ரசீதும் இல்லை.

தானே அனுப்பிய பணம்

எல்லா நாட்டு விதிகளும் திக்குமுக்காடும் இடம் இது. மிரட்டலுக்கோ ஆசைக்கோ பணிந்து வாடிக்கையாளரே பின் போட்டு அனுப்புகிறார். 2017 சுற்றறிக்கை, வாடிக்கையாளர் அலட்சியத்தால் ரகசிய விவரங்களைப் பகிர்ந்தால், புகார் செய்யும் வரையான முழு நட்டமும் அவருடையது என்கிறது. தானே அனுப்பியதைப் பற்றி அது அநேகமாகப் பேசவே இல்லை. பிரிட்டன் உச்ச நீதிமன்றமும் 2023-இல் பார்க்ளேஸ் வங்கி வழக்கில், ஏமாற்றப்பட்டிருந்தாலும் வாடிக்கையாளர் இட்ட கட்டளையை நிறைவேற்றுவதே வங்கியின் கடமை என்று உறுதிப்படுத்தியது.

அதே பிரிட்டன்தான் அடுத்த ஆண்டில் சட்டத்தால் வேறு வழி கண்டது. 2024 அக்டோபர் 7 முதல் இப்படி ஏமாந்தவர்களுக்கு 85,000 பவுண்டு வரை வங்கிகள் திருப்பித் தர வேண்டும். பணம் அனுப்பிய வங்கியும் பெற்ற வங்கியும் பாதிப் பாதி. இந்த இரண்டாம் பாதியில்தான் புதுமை. மோசடிக்காரருக்குக் கணக்குத் திறந்து கொடுத்த வங்கி அதுவரை பெரும்பாலும் விலை கொடுத்ததில்லை. மிகுந்த அலட்சியம் என்றால் இழப்பீடு மறுக்கலாம். ஆனால் எளிதில் பாதிக்கப்படக்கூடியவர் என்றால் அந்த மறுப்பும் செல்லாது. சிங்கப்பூர் 2024 டிசம்பரில் கொண்டுவந்த பகிர்வு முறை இன்னும் குறுகலானது: வங்கி தன் கடமைகளில் தவறினால் வங்கி, அடுத்து தொலைத்தொடர்பு நிறுவனம், இருவரும் சரியாக இருந்தால் நட்டம் வாடிக்கையாளருடையது. போலி இணையத்தள மோசடிக்கு மட்டும். தானே அனுப்பியதற்கும் தீநிரலால் (மால்வேர்) போனதற்கும் பொருந்தாது.

எதிர்வாதம் லேசானதல்ல. யாரோ ஈடு கட்டுவார்கள் என்றால் கவனம் தளரும், நண்பருக்கு அனுப்பிவிட்டு ஏமாந்தேன் என்று சொல்லலாம், செலவைக் கடைசியில் எல்லா வாடிக்கையாளரும் கட்டணமாகச் சுமப்பார்கள். யுபிஐ இலவசமாக இருக்கும் நாட்டில் இழப்பீட்டுக்குப் பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்வியும் நியாயமானது. ரிசர்வ் வங்கி 2026 பிப்ரவரியில், சிறு தொகை மோசடிகளில் 25,000 ரூபாய் வரை ஈடு தரும் ஏற்பாட்டை முன்மொழிந்தது நடுவழி. மேலே கணக்கிட்ட 8,100 ரூபாயை நினைத்தால், உச்சவரம்பு குறைவு என்று இதைக் குறை சொல்ல முடியாது. ஏழைகளின் இழப்பு அநேகமாக அதற்குள் அடங்கும்.

துரத்துவதும் முடக்குவதும்

நட்டத்தைப் பங்கிடுவதைவிடப் பணத்தைப் பிடிப்பதே மேல் என்பது காவல்துறையின் நிலைப்பாடு. 2021-இல் 155260 என்று தொடங்கிய உதவி எண் இன்று 1930. புகார் வந்ததும் பணம் போன கணக்கை அடுத்தடுத்த வங்கிகள் முடக்க வேண்டும். 2025 நடுப்பகுதி வரை 17.82 லட்சத்துக்கும் மேற்பட்ட புகார்களில் 5,489 கோடி ரூபாய் காக்கப்பட்டதாக மத்திய அரசு சொன்னது. பெரிய சாதனை, ஆனால் 2024 என்ற ஒரே ஆண்டில் இழந்தது 22,845 கோடி, முந்தைய ஆண்டைப் போல மூன்று மடங்கு. பணம் சில நிமிடங்களில் வாடகைக் கணக்குகளில் பிரிந்து ஓடுகிறது. சில ஆயிரம் ரூபாய்க்குத் தன் கணக்கையும் சிம்மையும் கொடுப்பவர்கள் பெரும்பாலும் மாணவர்களும் வேலையில்லாத இளைஞர்களும். மறுமுனையில் பேசுபவரும் சில சமயம் ஏமாற்றப்பட்டவரே: தகவல் தொழில்நுட்ப வேலை என்று மியான்மருக்குக் கொண்டுபோகப்பட்டு மோசடி முகாமில் அடைபட்ட தமிழர்கள் 13 பேர் 2022 அக்டோபரில் சென்னை திரும்பினார்கள்.

துரத்தலின் பக்கவிளைவு கடைவீதியில் விழுகிறது. மோசடிப் பணத்தில் யாரோ ஐந்நூறு ரூபாய்க்குச் சரக்கு வாங்கினால், வேறு மாநிலக் காவல்துறையின் மின்னஞ்சலில் கடைக்காரரின் கணக்கே முடங்கிப்போகும். சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல், தொகையைக் குறிப்பிடாமல் முழுக் கணக்கையும் முடக்குவது வாழ்வாதாரத்தைப் பறிப்பது, சந்தேகத் தொகையை மட்டும் நிறுத்தி வைக்கலாம் என்றது. பாதுகாப்பு என்ற பெயரில் இன்னொரு அப்பாவிக்கு நட்டத்தை மாற்றுவதும் ஒரு பங்கீடுதான்.

தீராதவை

ரேகைப் பரிவர்த்தனை, தீநிரல், வங்கி அல்லது இடைமுகவரின் தவறு ஆகியவற்றில் நட்டம் வாடிக்கையாளருடையது அல்ல என்ற பக்கம் சட்டமும் தீர்ப்புகளும் மெல்ல நகர்ந்திருப்பதாகச் சொல்லலாம். விதி அங்கே தெளிவு. அது வாடிக்கையாளரை எட்டவில்லை என்பதே பிரச்சினை. தானே அனுப்பிய பணத்தில் இந்தியா இன்னும் நிலைப்பாடு எடுக்கவில்லை. பணம் பெற்ற வங்கியையும் பொறுப்பில் சேர்க்கும் பிரிட்டன் வழி, வாடகைக் கணக்குகளின் மூலத்தை அடைக்கும் என்ற வாதம் வலுவானது. அதன் முழுப் பலனைச் சொல்ல அந்த ஏற்பாட்டுக்கு இன்னும் வயது போதாது.

மூன்று வேலை நாள் என்ற கணக்கு எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டுமா என்பது அடுத்தது. ஜீரோ பேலன்ஸ் கணக்குக்குத் தொகை வரம்பைக் குறைத்த விதி, அதே கணக்குக்கு நாள் வரம்பை நீட்டவில்லை. பணத்தைவிடத் தூரமே தடையாக இருக்கும் இடத்தில் இது தலைகீழான சலுகை. இந்த நாள் வரம்பை நீட்டுவதால் வங்கிக்குக் கூடும் சுமை என்ன என்பதை வங்கிகளின் புகார்ப் பதிவேடுகளே சொல்லிவிடும்.

கடைசியாகத் தாமதம். முதன்முறை அனுப்பும் ஆளுக்குப் போகும் பெருந்தொகையைச் சில மணி நேரம் நிறுத்தி வரவு வைக்கலாம் என்ற யோசனை 2023 இறுதியிலும் பேசப்பட்டது. ரிசர்வ் வங்கி 2026 பிப்ரவரியில் அதை விவாத ஆவணமாகவே முன்வைக்கப்போவதாகச் சொன்னது, முதியோர் போன்றவர்களுக்குக் கூடுதல் சரிபார்ப்போடு சேர்த்து. மோசடிக்காரரின் முதல் ஆயுதம் அவசரம் என்பதால் தாமதம் அதை முறிக்கும். ஆனால் இரவில் வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஒரு கர்ப்பிணியைக் கொண்டுவர, முன்பின் தெரியாத வண்டிக்காரருக்குத் திருப்பூர் மகன் அனுப்பும் பணமும் முதன்முறைப் பணம்தான். அவருக்கு விலக்கு கொடுக்கும் பொத்தான் ஒன்று வைத்தால், 'அந்தப் பொத்தானை அழுத்துங்க சார்' என்று மோசடிக்காரரும் சொல்வார். எந்தத் தொகைக்கு மேல், எத்தனை மணி நேரம், யார் விருப்பத்தில் என்பதெல்லாம் இனிமேல்தான் முடிவாக வேண்டும்.